டிராகன் இல்லாத சீனக் கதை உண்டா?

வாசகர் கேள்வி பதில்

சீன மொழியையும் சீனர்களின் வாழ்க்கையையும் குழந்தைகளுக்கு அறிமுகம் செய்யும் படக்கதைகளைப் பற்றிக் கேள்வி அனுப்பலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்குமேல் "எந்தப் புத்தகம் வாங்கலாம்?" என்பதுதான். அவற்றையெல்லாம் முதல் கேள்வியில் அடக்கிவிட்டேன். மிச்சமிருந்தவைதான் சுவாரஸ்யம். கடைசிக் கடிதம் பென்சிலில் எழுதப்பட்டது. அதற்குத்தான் அதிகம் யோசித்தேன்.

கேள்வி: அக்கா, என் மகளுக்கு ஐந்து வயது. சீனம் அறிமுகம் செய்ய ஆசை. எங்கள் வீட்டில் யாருக்கும் ஓர் எழுத்துகூடத் தெரியாது. இருமொழிப் படப் புத்தகங்கள் ஏகப்பட்டவை இருக்கின்றன. எதில் தொடங்குவது? எப்படிச் சொல்லிக் கொடுப்பது?
— ஐந்து வயதுக்காரியின் அம்மா

பதில்: ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வருகிற கதையாகப் பார்த்து ஒன்றே ஒன்று வாங்குங்கள். இருபது புத்தகம் அடங்கிய பெட்டி வேண்டவே வேண்டாம். பெட்டி வாங்கிய வீடுகளில் பெட்டிதான் இருக்கும்.

சீனக் குழந்தைகள் அனேகமாக எல்லோருக்கும் தெரிந்த கதை ஒன்று. குளத்தில் தலைப்பிரட்டைகள் பிறக்கின்றன. அம்மாவைக் காணோம். தேடிக் கிளம்புகின்றன. எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் "எங்கள் அம்மா எங்கே?" என்று கேட்கின்றன. ஒருவர் அம்மாவுக்குப் பெரிய கண் என்கிறார். இன்னொருவர் நாலு கால் என்கிறார். ஓர் அடையாளத்தை மட்டும் பிடித்துக்கொண்டு போய், யார் யாரையோ அம்மா என்று கூப்பிட்டு ஏமாந்து, கடைசியில் தவளையிடம் போய்ச் சேர்கின்றன. அதற்குள் 'அம்மா', 'எங்கே', 'கண்', 'கால்', 'நான் உங்கள் அம்மா இல்லை' எல்லாம் கேட்கிற பிள்ளையின் காதில் பலமுறை விழுந்திருக்கும். அட்டவணை போட்டு இருபது சொல் மனப்பாடம் செய்ய வைத்தாலும் இந்த அளவு ஒட்டாது.

நாங்கள் தென்சீனாவின் குவாங்சோவில் இருந்தபோது என் மகளின் மழலையர் பள்ளியில் இந்தக் கதை அடிக்கடி நடக்கும். ஆசிரியை பக்கத்தைத் திருப்புவதற்குள் வகுப்பே அடுத்த வாக்கியத்தைக் கத்தும். என் மகளும் சேர்ந்து கத்துவாள். பொருள் தெரிந்துதான் கத்தினாளா என்று கேட்காதீர்கள். சத்தம் முதலில் வந்தது, பொருள் பின்னால் வந்தது. தமிழும் அவளுக்கு அப்படித்தானே வந்தது?

இதே கதையை 1960இல் ஷாங்காய் அனிமேஷன் ஸ்டுடியோ குறும்படமாக எடுத்தது. ச்சி பாய்ஷி என்ற பெரிய ஓவியர் மையும் தண்ணீருமாக வரைந்த இறால், தவளை, மீன் ஓவியங்களின் பாணியில் செய்த படம். வழக்கமான கார்ட்டூன்போல எல்லைக்கோடு போட்டு வண்ணம் நிரப்பியது கிடையாது. ஈரத்தாளில் மை பரவுகிற மாதிரியே தலைப்பிரட்டைகள் நீந்தும். கதை ஓரளவு பழகிய பிறகு குழந்தைக்குக் காட்டுங்கள்.

உங்கள் வீட்டில் யாருக்கும் மொழி தெரியாது என்பதால், ஒலிப்பதிவு இல்லாத புத்தகத்தை வாங்காதீர்கள். சீனம் சுரத்தில் நிற்கிற மொழி. 'தாங்' என்பதை மட்டமாக உயரத்தில் நீட்டினால் சூப். கேள்வி கேட்கிற மாதிரி மேலே ஏற்றினால் சர்க்கரை. இதை எந்தப் புத்தகத்தாலும் தாளில் ஒலித்துக் காட்ட முடியாது. எழுத்துக்கு மேலே ரோமன் எழுத்தில் உச்சரிப்பு அச்சிட்டிருப்பார்கள். பின்யின் என்று பெயர், 1958 முதல் சீனாவில் அதிகாரபூர்வமாக வழங்குகிறது. அதை ஆங்கிலம் மாதிரி படித்தால் தொலைந்தோம். அதில் வரும் 'க்யூ' கிட்டத்தட்ட நம் 'ச்ச'. 'எக்ஸ்' மெல்லிய 'ஷ'. இன்னொரு சிக்கல், மூச்சு. பின்யினில் 'b' எழுத்தும் 'p' எழுத்தும் நம் காதுக்கு ஒரே 'ப'வாகத்தான் கேட்கும். உதட்டுக்கு முன்னால் ஒரு மெல்லிய தாளைப் பிடித்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள். ஒன்றுக்குத் தாள் படபடக்கும், மற்றதற்கு அசையாது. குழந்தைகள் இந்த விளையாட்டை விடவே மாட்டார்கள்.

ஒலிப்பதிவை ஓடவிட்டு, படத்தில் விரல் வைத்துக்கொண்டு, நீங்களும் கூடவே சொல்லுங்கள். ஒரு கதை சலிக்கும்வரை அடுத்ததைத் தொடாதீர்கள். உங்களுக்குத்தான் சலிக்கும், அவளுக்குச் சலிக்காது. "இதற்குச் சீனத்தில் என்ன, சொல்லு பார்ப்போம்" என்று விருந்தாளி முன்னால் மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

கேள்வி: எளிய எழுத்தா, பழைய எழுத்தா? எந்த வகைப் புத்தகம் வாங்க வேண்டும்?
— குழம்பியவர்

பதில்: சீன நாட்டிலும் சிங்கப்பூரிலும் எளிமைப்படுத்திய எழுத்து, 1956இல் தொடங்கிய மாற்றம். தைவானிலும் ஹாங்காங்கிலும் பழைய எழுத்து. தைவான் குழந்தைப் புத்தகங்களில் ரோமன் இருக்காது. எழுத்தின் வலப்பக்கம் சின்னச் சின்ன உச்சரிப்புக் குறிகள் நிற்கும். அவை மொத்தம் 37. யாரோடு பேசப் போகிறாளோ, எங்கே படிக்கப் போகிறாளோ, அதைப் பொறுத்து ஒன்றை எடுங்கள். அப்படி எதுவும் முடிவாகவில்லை என்றால் எளிய எழுத்து. இதில் மூளையைக் கசக்க ஒன்றும் இல்லை.

கேள்வி: சிறுவர் நூலகம் ஒன்றைக் கவனித்துக்கொள்கிறேன். 'சீனப் பண்பாடு' என்று வருகிற புத்தகங்கள் எல்லாவற்றிலும் டிராகன், பாண்டா, சிவப்பு விளக்கு. அட்டையைப் பிரித்தால் இது நிஜமா, வேடமா என்று எனக்குத் தெரியவில்லை. எப்படித் தரம் பிரிப்பது?
— நூலகர்

பதில்: உங்களுக்கு நல்ல கண். நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: அந்தப் புத்தகத்தில் வரும் குழந்தைக்கு ஏதாவது வேலை இருக்கிறதா? விளக்கைத் தூக்கிக்கொண்டு சிரித்தபடி நிற்பது வேலை ஆகாது. எதையாவது இழக்க வேண்டும், தேட வேண்டும், அடம்பிடிக்க வேண்டும்.

'துவான்யுவான்' என்று ஒரு புத்தகம். யூ லிச்சியோங் எழுதியது, படம் ஜூ செங்லியாங். வெளியூரில் கட்டட வேலை பார்க்கும் அப்பா வருஷத்துக்கு ஒருமுறை, புத்தாண்டுக்கு மட்டும் வீட்டுக்கு வருகிறார். சின்ன மகளுக்கு அவரைப் பார்த்ததும் முதலில் பயம். அவர் முடிவெட்டிக்கொண்டு வந்ததும் கொஞ்சம் பழகுகிறாள். அப்பா ஒரு நாணயத்தை அரிசிமாவு உருண்டைக்குள் வைக்கிறார். அது யார் வாயில் அகப்படுகிறதோ அவருக்கு அதிர்ஷ்டம். அவளுக்குக் கிடைக்கிறது. விளையாடப் போன இடத்தில் அதைத் தொலைத்துவிட்டு அழுகிறாள். மிச்சத்தை நீங்களே படியுங்கள். 2009இல், ஃபெங் சிகாய் என்ற ஓவியர் பெயரிலான சீனக் குழந்தைப் படப் புத்தக விருது முதன்முறையாகக் கொடுக்கப்பட்டபோது முதல் பரிசு இதற்குத்தான். டிராகன் நடனமும் இதில் உண்டு. கதை மட்டும் அதை நம்பி நிற்கவில்லை. அப்பா துபாயிலோ மஸ்கட்டிலோ இருக்கிற நம் பிள்ளைகளுக்கு இதில் எந்தப் பக்கத்துக்கும் அடிக்குறிப்பு தேவைப்படாது.

அந்த மாவு உருண்டையையும் கவனியுங்கள். சீனப் புத்தாண்டு என்றாலே கொழுக்கட்டை என்று எழுதிவிடுகிறார்கள். பிறைபோல மடித்த அந்தக் கொழுக்கட்டை வடக்கத்தி வழக்கம். தெற்கே போகப் போக மாவு உருண்டை, அரிசிமாவுப் பணியாரம் என்று மாறிவிடும். குவாங்சோ ஆட்களிடம் புத்தாண்டு என்றால் பூச்சந்தை. கும்குவாட் என்ற குட்டி ஆரஞ்சு மரத்தைத் தொட்டியோடு வாங்கிக்கொண்டு போவார்கள். ஒரு புத்தகம் 'சீனர்கள்' என்று மொத்தமாகச் சொல்லிக்கொண்டே போனால் சந்தேகப்படுங்கள். எந்த ஊர், யார் வீடு என்று சொன்னால் நம்பலாம்.

படத்தில் பிடிபடும் தவறுகள் தனி. பழங்கால உடையில், அணிந்திருப்பவரின் இடப்பக்கத் துணி மேலே வந்து வலப்பக்கமாக மூட வேண்டும். மாற்றி மூடினால் அது பிணத்துக்கு உடுத்துவது. சோற்றுக் கிண்ணத்தில் குச்சிகளைச் செங்குத்தாகக் குத்தி வைத்திருந்தால் அதுவும் இறந்தவருக்குப் படைப்பது. முன்தலையை மழித்துப் பின்னால் நீண்ட சடை விடுவது மஞ்சு அரசர்கள் 1644க்குப் பிறகு கட்டாயப்படுத்திய கோலம். அதை ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய தாங் வம்சக் கதையில் வரைந்திருந்தால், வரைந்தவர் ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை என்று பொருள். டிராகனுக்கு இறக்கை முளைத்து வாயில் நெருப்பு வந்தால் அது ஐரோப்பாவிலிருந்து பறந்து வந்தது. சீன டிராகன் மழை தருவது, தண்ணீரில் குடியிருப்பது.

எல்லோரையும் மஞ்சள் நிறத்தில், கண்ணுக்குப் பதில் இரண்டு கோடு போட்டு வரையும் வழக்கம் மேற்கத்தியப் புத்தகங்களில் நெடுநாள் இருந்தது. அமெரிக்கக் குழந்தை எழுத்தாளர் டாக்டர் சூஸ் எழுதிய ஆறு புத்தகங்களை 2021இல் அவருடைய நிறுவனமே அச்சிடுவதை நிறுத்தியது. அவற்றில் ஒன்றான, 1937இல் வந்த அவருடைய முதல் குழந்தைப் புத்தகத்தில் இப்படியொரு சீனர் உண்டு. உங்கள் அலமாரியில் பழைய நன்கொடைப் புத்தகங்கள் இருந்தால் ஒரு நாள் உட்கார்ந்து புரட்டிப் பாருங்கள்.

கேள்வி: எல்லையில் நம் ஜவான்கள் மேல் கை வைக்கிறவர்கள் கதை நம் குழந்தைகளுக்கு எதற்கு? நம்மிடம் கதை இல்லையா?
— கோபக்கார வாசகர்

பதில்: இருக்கிறது ஐயா. இந்தப் பத்திரிகையின் மற்றப் பக்கங்களில் எல்லாம் அதுதான் வருகிறது.

ஆனால் 'அவர்கள் கதை' என்று நீங்கள் பிரிக்கிற கோடு அவ்வளவு நேராக இல்லை. சீனப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் படிக்கிற ஒரு கதை: சாவ் சோங் என்ற சின்னப் பையன் யானையைப் படகில் ஏற்றி, தண்ணீர் ஏறிய மட்டத்தில் கோடு போட்டு, பிறகு அதே கோடுவரை கல் ஏற்றி, கல்லை நிறுத்து யானையின் எடையைச் சொல்கிறான். அட, இது நம் பாட்டி சொன்ன கதை என்று தோன்றுகிறதா? சென் யின்கே என்ற சீன வரலாற்றாசிரியருக்கும் அப்படித்தான் தோன்றியது. இந்தியாவிலிருந்து போய், 5ஆம் நூற்றாண்டில் சீனத்தில் மொழிபெயர்க்கப்பட்ட ஒரு பௌத்த நூலிலும் இதே யானை, இதே படகு இருப்பதைக் காட்டி, கதை இங்கிருந்துதான் போயிருக்க வேண்டும் என்று எழுதினார். உங்கள் பேரனுக்கு நீங்கள் இதைத் தாராளமாக நம் கதை என்றே சொல்லலாம்.

கேள்வி: முப்பது ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்தேன். சீன எழுத்து என்றாலே ஓவியம் என்கிறார்கள். மலை எழுத்து மலைபோல, மரம் மரம்போல. அப்படியானால் எழுத்தை எல்லாம் படமாகவே சொல்லிக் கொடுத்துவிட முடியாதா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர்

பதில்: ஐயா, ஆரம்பத்துக்கு அது அருமையான வழி. மூன்று முகடு நிமிர்ந்து நின்றால் மலை. ஒரு மரம் போட்டால் மரம், இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் தோப்பு, ஒன்றின் கீழ் இரண்டாக மூன்று போட்டால் காடு. மனிதன் மூவர் சேர்ந்தால் கூட்டம். நாலு வயதுப் பிள்ளைகூட ஒரே மாலையில் பிடித்துக்கொள்ளும். 2017இல் நாடு முழுவதும் வந்த முதல் வகுப்புப் பாடநூலிலும் பின்யினைப் பின்னால் தள்ளிவிட்டு, வானம், பூமி, மனிதன், நீ, நான், அவன் என்ற ஆறு எழுத்துகளில்தான் முதல் பாடத்தை ஆரம்பிக்கிறார்கள்.

ஆனால் அந்த வண்டி ரொம்ப தூரம் ஓடாது. பத்தில் எட்டு எழுத்துகளுக்கு மேல் இரண்டு துண்டு சேர்ந்தவை. ஒரு துண்டு பொருளுக்கு, மற்றது ஒலிக்கு. 'அம்மா' எழுத்தில் இடப்பக்கம் பெண், வலப்பக்கம் குதிரை. குதிரைக்கும் அம்மாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. குதிரைக்கு 'மா' என்று பெயர், அந்த ஒலிக்காக மட்டும் வந்து நிற்கிறது. இது தெரியாமல், அம்மா குதிரைமேல் ஏறிச் சந்தைக்குப் போகிற மாதிரி படம் போட்ட புத்தகத்தை நானே பார்த்திருக்கிறேன். அந்தக் குழந்தை ஆயுசுக்கும் குதிரையை மறக்காது. அதே துண்டு வேறோர் எழுத்தில் வரும்போது அங்கேயும் குதிரையைத் தேடும்.

உங்களுக்கு இலக்கணப் பழக்கம் இருப்பதால் சொல்கிறேன்: படத்திலிருந்து சீக்கிரமே துண்டுகளுக்குப் போய்விடுங்கள். இடப்பக்கம் மூன்று துளி இருந்தால் தண்ணீர்ச் சமாச்சாரம். ஆறு, ஏரி, கடல், கழுவுதல், வியர்வை, கண்ணீர், எல்லாவற்றிலும் அந்த மூன்று துளி. கதைப் புத்தகத்தின் ஒரு பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு 'மூன்று துளி எங்கெல்லாம் இருக்கிறது?' என்று தேடச் சொல்லுங்கள். வாசிக்கத் தெரியாத குழந்தையும் தேடும். சீனாவில் தொடக்கப் பள்ளியை முடிக்கும்போது ஏறக்குறைய 3,000 எழுத்துகளை அடையாளம் காண வேண்டும் என்பது பாடத்திட்டம். மூவாயிரம் படத்தை யாராலும் மனத்தில் வைத்துக்கொள்ள முடியாது.

கேள்வி: பேரனுக்குக் குரங்கு ராஜா கதைப் படப் புத்தகம் வாங்கிக் கொடுத்தேன். படித்துவிட்டு, "தாத்தா, இது நம்ம ஆஞ்சநேயர்தானே?" என்கிறான். என்ன சொல்ல?
— ஒரு தாத்தா

பதில்: உங்கள் பேரன் கேட்டதை 1920களில் சீனாவின் பெரிய அறிஞர்களே கேட்டுச் சண்டை போட்டார்கள். குரங்கு ராஜா சுன் வுகோங் அனுமனிடமிருந்து வந்தவன் என்றார் ஹூ ஷி. கிடையாது, ஹுவாய் ஆற்றில் அடைபட்ட ஒரு குரங்கு பூதம் பற்றிய பழைய சீனக் கதையிலிருந்து வந்தவன் என்றார் லூ சுன். இன்னும் தீரவில்லை. குணத்தைக் கேட்டால், எனக்கு இரண்டு பேரும் வேறு வேறு ஆள். அனுமனுக்கு ராமனைப் பார்த்த பிறகுதான் கதையே. வுகோங் கதையின் ஆரம்பத்தில் யாருக்கும் அடங்காமல் திரிகிறவன். வானுலகத்துப் பழத்தோட்டத்தைக் காலி செய்து, எல்லாப் படையையும் அடித்துத் துரத்தி, புத்தரிடம் தோற்று, 500 ஆண்டுகள் மலைக்கடியில் கிடக்கிறான். அப்புறம்தான் அவனை விடுவித்துக் கூட்டிக்கொண்டு ஒரு துறவி இந்தியாவுக்குப் புறப்படுகிறார்.

அந்தத் துறவி யார் என்று பேரனுக்குச் சொன்னீர்களா? நம் சரித்திரப் பாடத்தில் வரும் யுவான் சுவாங்தான். நிஜ மனிதர். ஏழாம் நூற்றாண்டில் தரைவழியே புறப்பட்டு, 640 வாக்கில் காஞ்சிபுரம்வரை வந்து, 645இல் சீனா திரும்பினார். காஞ்சியிலிருந்து இலங்கைக்குப் போக நினைத்தவர், அங்கே பஞ்சமும் குழப்பமும் என்று கேள்விப்பட்டு நின்றுவிட்டார். அவர் செத்து 900 வருஷத்துக்குப் பிறகு, 16ஆம் நூற்றாண்டில், குரங்கும் பன்றியும் துணைக்கு வருகிற நூறு அத்தியாயக் கதையாக அவர் பயணம் அச்சேறியது. பெரும்பாலும் வூ செங்என் எழுதியது என்பார்கள்.

படப் புத்தகமாக வாங்கும்போது நூறு அத்தியாயத்தையும் நாற்பது பக்கத்தில் அடைத்ததை வாங்காதீர்கள். தனித்தனிக் கதையாக வருவது நல்லது. கல்லிலிருந்து பிறந்தது, கடல் ராஜாவிடம் தடியைப் பிடுங்கிக்கொண்டு வந்தது, இரண்டும் சின்னவர்களுக்கு. எலும்புப் பேய் மூன்று வேஷத்தில் வரும் கதையில், குற்றமில்லாத வுகோங்கைக் குருவே துரத்திவிடுகிறார். அதை எட்டு வயதுக்குமேல் வைத்துக்கொள்ளுங்கள். என் மகள் அன்று இரவு முழுக்க அந்தக் குருவோடு பேசமாட்டேன் என்று படுத்திருந்தாள்.

கேள்வி: நாலு வயதுக் கோங் ரோங், பெரிய பேரிக்காயை அண்ணன்களுக்குக் கொடுத்துவிட்டுச் சின்னதை எடுத்துக்கொண்டான் என்று ஒரு சீன நீதிக் கதை. என் மகன், "நான் கொடுக்க மாட்டேன், எனக்குப் பெரிசுதான் வேணும்" என்கிறான். நீதிக் கதைகள் இப்போது வேலை செய்வதில்லையோ?
— இரண்டு பையன்களின் அப்பா

பதில்: உங்கள் மகன் தனியாக இல்லை. 2012இல் ஷாங்காயில் முதல் வகுப்புப் பிள்ளை ஒன்று தேர்வில் 'நான் கொடுக்க மாட்டேன்' என்று எழுதி, ஆசிரியர் தப்புப் போட, அந்தத் தாள் இணையத்தில் வந்து நாடே விவாதித்தது. நான் அந்தப் பிள்ளை பக்கம். 'நீயாக இருந்தால் என்ன செய்வாய்' என்று கேட்டுவிட்டு ஒரே பதிலுக்குத்தான் மதிப்பெண் என்றால், கேட்காமலேயே இருக்கலாம்.

இன்னொரு தகவல், பையனுக்குப் பத்து வயதானதும் சொல்லுங்கள். இந்தக் கோங் ரோங் வளர்ந்து பெரிய புலவராகி, மனத்தில் பட்டதைப் பேசி, 208இல் சாவ் சாவ் என்ற அதிகாரம் மிக்க அமைச்சரால் குடும்பத்தோடு கொல்லப்பட்டார். அவர் மேல் சுமத்திய குற்றங்களில் ஒன்று, பெற்றோர் மரியாதைக்கு விரோதமாகப் பேசினார் என்பது. பேரிக்காய்ப் பையனுக்கா இந்தக் கதி! மேலே யானையை எடைபோட்ட சிறுவனின் அப்பாதான் அந்தச் சாவ் சாவ். படக்கதைகள் இந்த இரண்டு பிள்ளைகளையும் தனித்தனிப் புத்தகத்தில் வைத்திருப்பதால் யாரும் கவனிப்பதில்லை.

கேள்வி: ஓவியக் கல்லூரியில் படிக்கிறேன். சீனக் கதை ஒன்றைத் தமிழில் படப் புத்தகமாக வரைய ஆசை. எதையெல்லாம் பார்க்க வேண்டும், மேடம்?
— வரைகிறவர்

பதில்: சமீபத்தில் வந்த பளபளப்பான புத்தகங்களைக் கொஞ்ச நாள் மூடி வையுங்கள். ஷாங்காயில் 1920களிலிருந்து லட்சக்கணக்கில் அச்சான உள்ளங்கை அளவுப் படக்கதைகள் இருக்கின்றன. பக்கத்துக்கு ஒரு படம், கீழே இரண்டு வரி. தெருவோரக் கடையில் வாடகைக்கு எடுத்து, அங்கேயே குட்டி முக்காலியில் உட்கார்ந்து படித்துவிட்டுக் கொடுப்பார்கள். அந்த மரபில் ஹே யோஜி வரைந்தவற்றைத் தேடிப் பாருங்கள். வெறும் கறுப்புக் கோடு. ஆனால் கதவுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்த துடைப்பம்கூட அந்த வீட்டுக்காரர் எப்படிப்பட்டவர் என்று சொல்லும்.

ஜாங் லெப்பிங் 1935இல் உண்டாக்கிய சன்மாவ் என்ற பையனையும் பாருங்கள். தலையில் மூன்றே மூன்று மயிர், வயிற்றில் எப்போதும் பசி. 1947இல் தொடங்கிய தொடரில் ஷாங்காய்த் தெருவில் அநாதையாக அலைகிறான். பெரும்பாலும் வார்த்தையே கிடையாது. சீனம் தெரியாத நீங்கள் இன்றே 'படிக்க'லாம்.

பிறகு ஃபெங் சிகாய். மேலே சொன்ன விருது இவர் பெயரில்தான். தூரிகையில் நாலு கோட்டில் தன் பிள்ளைகளை வரைவார். இரண்டு பனையோலை விசிறியைச் சக்கரமாக்கி மகன் சைக்கிள் விடுவான்; மகள் தன் செருப்புகளையும் இன்னொரு குழந்தையின் செருப்புகளையும் எடுத்து ஸ்டூலின் நாலு காலுக்கும் போட்டுவிடுவாள். சீனா என்று சொல்ல ஓர் அடுக்குக் கோபுரம்கூட வரைந்திருக்க மாட்டார்.

உங்கள் கதை எந்தக் காலம் என்று முதலில் முடிவுசெய்யுங்கள். கோங் ரோங் வாழ்ந்த ஹான் காலத்தில் பாயில்தான் உட்கார்ந்தார்கள். நாற்காலி பரவலானது பல நூற்றாண்டு கழித்து, சோங் காலத்தில். நாற்காலியில் உட்கார்ந்து பேரிக்காய் தின்னும் கோங் ரோங் சீனப் புத்தகங்களிலேயே வருகிறார்; உங்கள் புத்தகத்திலாவது அவரைக் கீழே உட்கார வையுங்கள். வண்ணத்துக்கு, தியான்ஜின் பக்கத்து யாங்லியூச்சிங்கின் புத்தாண்டு மரப்பதிப்புகளைப் பாருங்கள். கையில் கெண்டை மீனை அணைத்துக்கொண்டு கொழுகொழுவென்று ஒரு குழந்தை இருக்கும். அந்தச் சிவப்பும் பச்சையும் கணினியில் கிடைக்கிற சிவப்பும் பச்சையும் அல்ல. எழுத்தைப் படத்துக்குள் வரைவதாக இருந்தால் தெரிந்தவர் ஒருவரிடம் காட்டாமல் அச்சுக்குக் கொடுக்காதீர்கள். ஒரு புள்ளி இடம் மாறினால் வேறு எழுத்து.

கேள்வி: ஆண்ட்டி, பன்னிரண்டு மிருகம் ஓட்டப் பந்தயக் கதை படிச்சேன். எலி ஏமாத்தித்தான் முதல்ல வந்துச்சு. அதுக்கு ஏன் முதல் பரிசு? பூனை பாவம். அப்புறம், நான் 2017 ஜனவரியில பிறந்தேன். புத்தகத்துல சேவல்னு போட்டிருக்கு. எனக்குச் சேவல் பிடிக்கலை. மாத்திக்கலாமா?
— வயது 9

பதில்: கண்ணு, எலி செய்தது தப்புதான். ஒரு புத்தகத்தில் 'உன்னை எழுப்புகிறேன்' என்று பூனையிடம் சொல்லிவிட்டு எழுப்பாமல் போய்விடும். இன்னொன்றில் பூனையும் எலியும் சேர்ந்தே எருதின் முதுகில் ஏறிவரும், நடு ஆற்றில் எலி தள்ளிவிடும். எப்படிச் சொன்னாலும் எலிதான் திருடன். ஆனால் வானுலக ராஜா கரையில் நின்றுகொண்டு யார் முதலில் வந்தார்கள் என்று மட்டும்தான் பார்த்தார். நடு ஆற்றில் நடந்தது அவருக்குத் தெரியாது. நீ அந்த ராஜாவாக இருந்தால் என்ன செய்திருப்பாய் என்று எழுது.

பூனைக்கு ஒரு நல்ல சேதி. வியட்நாமிலும் இதேபோலப் பன்னிரண்டு மிருகம் உண்டு. அங்கே முயல் இடத்தில் பூனை இருக்கிறது. 2023 சீனாவில் முயல் வருஷம், வியட்நாமில் பூனை வருஷம்.

டிராகனைக் கவனித்தாயா? பறக்கத் தெரிந்த டிராகன் ஐந்தாவதாக வந்தது. ஏன் என்று கேட்டால், வழியில் ஒரு ஊருக்கு மழை கொடுக்க நின்றேன் என்றது; ஆற்றில் மரக்கட்டைமேல் தவித்த முயலைக் கரைசேர்க்க ஒரு ஊது ஊதினேன் என்றது. எனக்கு அந்தப் பந்தயத்தில் பிடித்த ஆள் அதுதான்.

இனி உன் விஷயம். சீன வருஷம் ஜனவரி ஒன்றாம் தேதி தொடங்காது. ஜனவரிக் கடைசியிலிருந்து பிப்ரவரி இருபது தேதிக்குள் ஏதோ ஓர் அமாவாசையை ஒட்டி வரும். 2017இல் சேவல் வருஷம் ஆரம்பித்தது ஜனவரி 28ஆம் தேதி. அதற்கு முன்னால் பிறந்தவர்கள் எல்லோரும் குரங்கு! உன் புத்தகத்தில் வருஷத்தை மட்டும் பார்த்துப் போட்டிருக்கிறார்கள். நீ எந்தத் தேதி என்று எழுதவில்லையே. அம்மாவைக் கேட்டு அடுத்த கடிதத்தில் எழுது. 28ஆம் தேதியோ அதற்குப் பிறகோ என்றால் மன்னித்துக்கொள், சேவல்தான்.